வாதம் வந்துபோன கையில் வண்டிச் சாவி

பக்கவாதத்திலிருந்து தேறியவர் மறுபடி வண்டி எடுக்கலாமா? அதைச் சொல்ல வேண்டியது யார்? திருத்தணி மலைப்பாதையிலிருந்து ஒரு பார்வை.

முகூர்த்தத்தோடு சேர்ந்து வந்த ஞாயிற்றுக்கிழமை. திருத்தணி மலைப்பாதையில் ஓர் ஆட்டோ ஏறுகிறது. பின்னால் நாலு பேர், மாலைக் கூடை, மொட்டை போடப் போகிற குழந்தை. வளைவு வருகிறது. மேலிருந்து ஆந்திரப் பதிவெண் வேன் ஒன்று ஹாரனை விடாமல் அடித்தபடி இறங்குகிறது. இடது ஓரத்தில் காவடியோடு ஒரு குடும்பம் நடந்துபோகிறது. ஓட்டுநரின் வலது கை ஆக்சிலேட்டரைத் தளர்த்துகிறது. இடது கை கிளட்சைப் பிடித்து, பிடியைத் திருகி கியரைக் குறைக்கிறது. வலது கால் பிரேக்குக்குப் போகிறது. கண் ஒருமுறை கண்ணாடிக்குப் போய் வருகிறது. அந்தக் குடும்பத்துப் பையன் சாலைக்குள் ஒரு எட்டு வைப்பான் என்று மனசு முன்கூட்டியே கணக்குப் போட்டுவிட்டது. வைக்கிறான். வண்டி அதற்குள் நின்றிருக்கிறது. எல்லாம் சேர்த்து மூன்று, நான்கு நொடி. இதற்கு நடுவே ஓட்டுநர் பின்னால் இருப்பவர்களிடம் அபிஷேக நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இதே ஓட்டுநருக்கு இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு விடிகாலையில் இடது கையும் காலும் விழுந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். 108 வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போனார், ஒரு வாரம் படுத்தார். பிசியோதெரபியில் கை தூக்க வந்தது, கால் ஊன்ற வந்தது. இப்போது நடக்கிறார், சட்டைப் பட்டன் போடுகிறார், சில்லறை எண்ணிக் கொடுக்கிறார். பார்க்கிறவர்கள் “பரவாயில்லையே, முருகன் காப்பாத்திட்டான்” என்கிறார்கள். வண்டி வாசலில் தூசி படிந்து நிற்கிறது. வட்டித் தவணை நிற்கவில்லை.

அவர் சாவியை எடுக்கலாமா? இவர் கற்பனை மனிதர்தான், ஆனால் இவரைப் போல ஒருவரைத் தெரியாத ஆட்டோ ஸ்டாண்டைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு போனால், பதில் சொல்வதற்கென்று உட்கார்ந்திருக்கிற ஆள் நம் ஊரில் எங்கேயும் இல்லை என்பது தெரியவருகிறது. டாக்டர் உயிரைப் பார்க்கிறார், பிசியோ கை காலைப் பார்க்கிறார், ஆர்.டி.ஓ. அலுவலகம் படிவத்தைப் பார்க்கிறது. வண்டி ஓட்டுவது மூன்றுக்கும் நடுவில் விழுந்து கிடக்கிறது.

கை வந்தது, இடப்பக்கம் வரவில்லை

மூளையின் ஒரு பகுதிக்கு ரத்தம் போவது நின்றாலோ, ரத்தக்குழாய் வெடித்தாலோ வருவது பக்கவாதம். மூளையின் வலது பாதி அடிபட்டால் உடம்பின் இடப்பக்கம் விழும், இடது பாதி அடிபட்டால் வலப்பக்கம் விழும். இவ்வளவும் பரவலாகத் தெரிந்த சேதி. தெரியாமல் போவது, கை காலோடு சேர்ந்து விழுகிற மற்றவைதான்.

மூளையின் வலது பாதியில் அடி பட்ட சிலருக்கு உலகத்தின் இடது பாதியே கவனத்திலிருந்து கழன்றுவிடும். கண்ணில் கோளாறு இருக்காது. எழுத்துப் பலகையில் கடைசி வரிவரை படித்துவிடுவார். ஆனால் சாப்பாட்டு இலையைப் பாருங்கள். வலப்பக்கம் துடைத்துவிட்டாற்போல் காலியாக இருக்கும், இடது ஓரத்தில் உப்பும் ஊறுகாயும் கூட்டும் வைத்தது வைத்தபடி இருக்கும். “ஊறுகாய் வைக்கலையா?” என்று கேட்பார். இலையை அப்படியே அரைச் சுற்றுத் திருப்பி வைத்தால் “இப்பதான் வெச்சியா?” என்பார். முகச்சவரம் பாதிக் கன்னத்தோடு நிற்கும். கதவு வழியாகப் போகும்போது இடது தோள் நிலையில் இடிக்கும். வீட்டில் இதை மறதி என்றோ வயசு என்றோ எடுத்துக்கொள்வார்கள்.

நம் நாட்டில் வண்டி ஓடுவது சாலையின் இடப்பக்கம். நடந்துபோகிறவர், சைக்கிள்காரர், பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர், தள்ளுவண்டி, மாடு எல்லாம் பெரும்பாலும் ஓட்டுநருக்கு இடது ஓரத்தில்தான். புரட்டாசியில் திருப்பதிக்கு நடக்கிற பாதயாத்திரைக் கூட்டம் திருத்தணி வழியாக ராத்திரி முழுக்கப் போகிறது. அவர்களும் சாலை ஓரத்தில்தான். இடப்பக்கத்தைத் தவறவிடுகிற ஒரு மூளைக்கு இதைவிட ஆபத்தான சாலை அமைப்பு இருக்க முடியாது.

இதிலேயே இன்னொரு வகை உண்டு. கண் இரண்டும் நன்றாக இருந்தும், மூளையில் பார்வைக்கான பாதை அறுந்ததால் இரண்டு கண்ணிலும் ஒரே பக்கத்துப் பாதிக் காட்சி போய்விடும். முதல் வகையாவது கவனத்தின் கோளாறு. இது காட்சியே இல்லாமல் போவது. பல பேருக்கு அது போனதே தெரியாது. இருட்டாகத் தெரிந்தால் தெரிந்துகொள்ளலாம். இங்கே இருட்டும் தெரியாது, அந்தப் பாதி உலகமே இல்லாதது மாதிரி இருக்கும். இப்படிப் பாதிக் காட்சி இழந்தவருக்கு பிரிட்டனில் வழக்கமாக லைசென்ஸ் கிடையாது.

பிறகு வேகம். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகிற வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கிறது. மூளை ஒரு நொடி தாமதமாக முடிவெடுத்தால், பிரேக்கில் கால் படுவதற்கு முன்பே ஒரு பஸ்ஸின் நீளம் போய்விட்டது. பக்கவாதத்துக்குப் பிறகு யோசனை மெதுவாவது சகஜம். காலை ஒன்பது மணிக்குத் தெளிவாக இருப்பவர் பன்னிரண்டு மணிக்கு ஓய்ந்துபோவதும் சகஜம். சிலருக்கு அடிபட்ட இடத்திலிருந்து பிற்பாடு வலிப்பு வரும். வலிப்பு மாத்திரை தூக்கம் தரும்.

எல்லாவற்றையும்விடச் சங்கடமானது, குறை தனக்கு இருப்பதே சிலருக்கு உறைக்காது. இது பிடிவாதமோ பொய்யோ இல்லை. அதை உணர வேண்டிய பகுதியே அடிபட்டிருக்கிறது. “எனக்கு ஒண்ணும் இல்ல, நான் நல்லாத்தான் ஓட்டுவேன்” என்று அவர் சொல்வது அவர் அளவில் முழு உண்மை. அவர் சொல்லை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

■ பெட்டி: எந்தக் கைக்கு என்ன வேலை

ஆட்டோ: வலது கையில் ஆக்சிலேட்டர், இடது கையில் கிளட்சும் திருகு கியரும், வலது காலில் பிரேக். இடது கை பிடி இழந்தால் கியர் மாறாது. ஏற்றத்தில் வண்டி நின்றுவிடும்.

கியர் பைக்: வலது கைக்கு ஆக்சிலேட்டரும் முன் பிரேக்கும், இடது கைக்குக் கிளட்ச். வலது காலுக்குப் பின் பிரேக், இடது காலுக்குக் கியர். நாலு அவயவத்துக்கும் தனித்தனி வேலை. நிற்கும்போது வண்டியைத் தாங்குவதும் கால்தான்.

ஸ்கூட்டர்: இரண்டு பிரேக்கும் கையில். காலுக்கு வேலை குறைவு. அதனாலேயே “ஸ்கூட்டிதானே” என்று வீட்டில் முதலில் விட்டுக்கொடுப்பது இதைத்தான். சமநிலை தடுமாறுகிறவருக்கு இதிலும் ஆபத்துதான்.

கார்: வலது காலுக்கு ஆக்சிலேட்டரும் பிரேக்கும். அந்தப் பாதம் மரத்துப்போயிருந்தால் எந்தப் பெடலில் கால் இருக்கிறது என்பதே தெரியாது. இடப்பக்கம் பலவீனமானவருக்கு ஆட்டோமேடிக் கார் பாதிச் சிக்கலைத் தீர்க்கும். கவனத்தையும் பார்வையையும் எந்தக் கியர்பாக்ஸும் சரிசெய்யாது.

படிவம் கேட்பதும் கேட்காததும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் இதற்கு இடமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 16-ம் பிரிவு, நோயாலோ உடல் குறையாலோ ஒருவர் ஓட்டத் தகுதியற்றவர் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், லைசென்ஸை ரத்து செய்யவோ மருத்துவச் சான்று கேட்கவோ அதிகாரிக்கு உரிமை தருகிறது. 186-ம் பிரிவு, பிறருக்கு ஆபத்தாகும் நோய் தனக்கு இருப்பது தெரிந்தே வண்டி ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கு அபராதம் 1,000 ரூபாய் வரை, அடுத்த தடவைக்கு 2,000 ரூபாய் வரை.

எழுத்தில் இருக்கிறது, நடைமுறைக்கு வழி இல்லை. நியாயமான காரணம் அதிகாரியின் மேசைக்கு எப்படி வந்து சேரும்? நோயாளிக்குப் பக்கவாதம் வந்ததை ஆர்.டி.ஓ.வுக்குச் சொல்ல வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் எந்த டாக்டரையும் கட்டாயப்படுத்தவில்லை. 2002-ம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகள் நோயாளியின் ரகசியத்தைக் காக்கச் சொல்கின்றன. குறிப்பிட்ட நபருக்கோ சமூகத்துக்கோ கடும் ஆபத்து என்றால் வெளியில் சொல்ல விதிவிலக்கு தருகின்றன. சொல்லலாம் என்பதற்கும் சொல்ல வேண்டும் என்பதற்கும் நடுவில் டாக்டர்கள் பெரும்பாலும் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். குறை சொல்ல மனம் வரவில்லை. ஓ.பி.யில் வரிசை வாசல்வரை நிற்கிறது.

லைசென்ஸுக்கான சுய உறுதிமொழிப் படிவம் 1-ஐ எடுத்துப் பாருங்கள். வலிப்போ திடீர் மயக்கமோ தலைசுற்றலோ உண்டா, 25 மீட்டரில் நம்பர் பிளேட் தெரிகிறதா, கை கால் அசைவிலோ வலுவிலோ குறை உண்டா, மாலைக்கண் உண்டா, ஹாரன் கேட்கிறதா என்று கேட்கிறது. கடைசியில், பிறருக்கு ஆபத்தாகக்கூடிய வேறு நோய் ஏதும் உண்டா என்று பொதுவாக ஒரு கேள்வி. பக்கவாதம் என்ற பெயரே கிடையாது. ஓரப் பார்வை பற்றிக் கேள்வி இல்லை, கவனம் பற்றியும் இல்லை. நம் ஆட்டோக்காரர் எல்லாவற்றுக்கும் மனசாட்சியோடு, குறை இல்லை என்றே டிக் அடிக்கலாம். அடித்துவிட்டு இடது ஓரத்தைப் பார்க்காமல் போகலாம்.

டாக்டர் கையெழுத்துப் போடும் படிவம் 1-ஏ வாடகை வண்டி ஓட்டுநர்களுக்கு வேண்டும். நாற்பதைத் தாண்டிய மற்றவர்களிடமும் நடைமுறையில் கேட்கிறார்கள். அந்தச் சான்றிதழ் எப்படிக் கிடைக்கிறது என்பது ஊரறிந்த கதை. டிரைவிங் ஸ்கூல் வழியாகப் போனால் டாக்டரின் முகத்தைக்கூடப் பார்க்காமல் வந்துவிடும். சரியாகப் பரிசோதிக்கிற டாக்டர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையிலும் அந்தப் படிவம்தான் இருக்கிறது.

காலமும் நீளம். 30 வயதிலிருந்து 50-க்குள் புதுப்பிக்கிறவருக்குப் பத்து ஆண்டு. 50 முதல் 55-க்குள் என்றால் அறுபது வயதுவரை. அதற்கு மேல் ஐந்தைந்து ஆண்டு. 49 வயதில் ரினிவல் செய்தவருக்கு ஐம்பதில் பக்கவாதம் வந்தால், ஐம்பத்தொன்பது வரை எந்த அலுவலகமும் அவரைக் கூப்பிட்டு விசாரிக்காது. காலாவதியான ஓராண்டுக்குள் புதுப்பித்தால் ஓட்டிக் காட்டவும் வேண்டாம். வாடகை வண்டி லைசென்ஸ் என்றால் சில ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவச் சான்றாவது வந்துகொண்டிருந்தது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டிகளைச் சாதாரண இலகுரக வாகன லைசென்ஸிலேயே ஓட்டலாம், தனி அங்கீகாரம் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது. 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் அதை உறுதிசெய்தது. பிழைப்புக்கு அது நல்ல தீர்ப்பு. ஆனால் சில ஆண்டுக்கு ஒருமுறை டாக்டர் முன்னால் நிற்க வைத்த ஒரே கதவும் பல ஓட்டுநர்களுக்கு அதோடு மூடிக்கொண்டது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

எல்லை ஊரின் சிக்கல்

1960 ஏப்ரல் 1-ல் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்த ஊர் திருத்தணி. எல்லை மாறியும் போக்குவரத்து மாறவில்லை. ஆந்திரப் பக்கத்து நகரிக்கும் புத்தூருக்கும் திருப்பதிக்கும் தினமும் போய்வருகிற ஊர். எலும்பு முறிந்தால் இன்றும் பாதிப் பேர் புத்தூர்க் கட்டுக்குப் போகிறார்கள். ஊரில் அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. பக்கவாதம் என்றால் சிலர் சென்னை ஜி.எச்., சிலர் வேலூர் அல்லது ராணிப்பேட்டை சி.எம்.சி., சிலர் திருப்பதி ஸ்விம்ஸ். அவரவர் வசதி, அவரவர் சொந்தம் இருக்கும் திசை.

திருப்பதியில் சிகிச்சை பெற்றவரின் டிஸ்சார்ஜ் சம்மரி ஆந்திர டாக்டர் எழுதியது. லைசென்ஸ் தமிழ்நாட்டில் வாங்கியது. வண்டி இரண்டு மாநிலத்திலும் ஓடுகிறது; லைசென்ஸ் இந்தியா முழுக்கச் செல்லும். இவற்றை யார் கோத்துப் பார்ப்பது? மாநிலம் தாண்ட வேண்டியதுகூட இல்லை. கை கால் பலவீனத்துக்காக ஒரு அலுவலகத்தில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கியவர், இன்னொரு அலுவலகத்தில் ‘குறை எதுவும் இல்லை’ என்று எழுதிக் கொடுத்து ரினிவல் செய்யலாம். இரண்டும் அரசு மேசைதான். ஒன்றுக்கொன்று பேச்சு இல்லை.

2022-ல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள். எண்ணிக்கையில் நாட்டிலேயே முதல் இடம். இறந்தவர்கள் 17,884 பேர். இதில் ஓட்டியவரின் நோயால் நடந்தவை எத்தனை என்று பிரித்துப் பார்க்க முடியாது, எஃப்.ஐ.ஆரில் அதிவேகமும் அஜாக்கிரதையும்தான் ஏறும். உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதா 106-ம் பிரிவில் ஐந்து ஆண்டுவரை சிறை. ஓட்டும்போது முதல்முதலாகப் பக்கவாதம் வந்து வண்டி தடம் மாறினால் அது ஓட்டியவர் குற்றமாகாது என்று வாதாடலாம். போன மாதம் வந்ததைத் தெரிந்துகொண்டே எடுத்தார் என்றால் அந்த வாதம் நிற்பது கஷ்டம்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 2014 டிசம்பர் 22 அன்று, மாநகராட்சிக் குப்பை லாரி ஒன்று கிறிஸ்துமஸ் கூட்டத்துக்குள் புகுந்தது. ஓட்டுநர் மயங்கிவிட்டிருந்தார். ஆறு பேர் இறந்தார்கள். 2010-லேயே ஒரு பஸ்ஸின் ஸ்டீயரிங் முன்னால் அவர் மயங்கியிருக்கிறார், அதை லைசென்ஸ் துறையிடமும் புது வேலையிடத்திலும் மறைத்திருக்கிறார் என்பது பிறகு நடந்த விசாரணையில் வெளிவந்தது. அது பக்கவாதம் இல்லை. சொல்லாமல் மறைத்தால் எங்கே போய் முடியும் என்பதற்கு மட்டும் எடுத்துக்காட்டு. அதுவும் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிற நாட்டில்.

■ பெட்டி: மற்ற நாடுகளில்

பிரிட்டன்: பக்கவாதத்துக்குப் பிறகு கார், பைக் குறைந்தது ஒரு மாதம் தொடக்கூடாது, பஸ், லாரி என்றால் ஓராண்டு. சில நிமிடத்தில் சரியாகிவிடும் மினி ஸ்ட்ரோக்குக்கும் இதே விதி. ஒரு மாதம் கழித்தும் குறை இருந்தால் லைசென்ஸ் துறைக்குச் சொல்ல வேண்டும். மறைத்தால் ஆயிரம் பவுண்டுவரை அபராதம்.

ஆஸ்திரேலியா: சொந்த வண்டிக்குக் குறைந்தது நான்கு வாரம், தொழில்முறை ஓட்டுநருக்கு மூன்று மாதம்.

கனடாவின் ஒன்டாரியோ: ஓட்டுவதற்கு ஆபத்தான குறிப்பிட்ட குறைபாடுகளைக் கண்டால் டாக்டரே போக்குவரத்துத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

சிங்கப்பூர்: டான் டாக் செங் மருத்துவமனையில் ஓட்டுநர் மதிப்பீட்டுக்கும் மறுபயிற்சிக்கும் தனித் திட்டமே நடக்கிறது.

இலங்கை: லைசென்ஸுக்கான மருத்துவச் சான்று தருவதற்கென்றே தேசியப் போக்குவரத்து மருத்துவ நிறுவனம் என்ற அரசு அமைப்பு இருக்கிறது.

பென்சிலும் காகிதமும்

சோதனை என்றவுடன் பெரிய மிஷின் என்று நினைக்க வேண்டாம். முதல் கட்டத்துக்கு ஒரு மேசை, ஒரு பென்சில், நாலு தாள் போதும். செய்ய வேண்டியவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். அன்றாட வேலைகளை மறுபடி செய்யப் பழக்குவது அவர் தொழில். நம் மாவட்டங்களில் பிசியோ கிடைக்கிற அளவுக்கு இவர்கள் கிடைப்பதில்லை.

ஒரு தாளில் சிறிதும் பெரிதுமாக நட்சத்திரங்கள் இறைந்து கிடக்கும். சின்ன நட்சத்திரங்களை மட்டும் அடிக்கச் சொல்வார்கள். இடப்பக்கம் தவறுகிறவர் வலது பாதியில் ஒன்றையும் விடமாட்டார். இடது பாதித் தாள் தொடாமல் இருக்கும், பென்சிலை நிம்மதியாகக் கீழே வைத்துவிடுவார். வட்டம் போட்டு அதில் கடிகார எண்களை எழுதச் சொன்னால் பன்னிரண்டு எண்ணும் வலது அரைவட்டத்துக்குள் நெருக்கிக்கொண்டு நிற்கும். ஒரு கோட்டைக் காட்டி நடுவில் புள்ளி வைக்கச் சொன்னால் புள்ளி வலப்பக்கம் தள்ளி விழும். தாளில் சிதறிய எண்ணையும் எழுத்தையும் 1, அ, 2, ஆ என்று மாற்றி மாற்றிக் கோட்டால் இணைக்கச் சொல்வது இன்னொன்று. ஒரே நேரத்தில் இரண்டு வரிசையை மனதில் பிடித்துக்கொள்ள முடிகிறதா, எவ்வளவு நேரம் ஆகிறது என்பது அதில் தெரியும். சிக்னலையும் பின்கண்ணாடியையும் ஒன்றாகக் கவனிக்கிற திறமையும் இதுவேதான். பக்கவாத ஓட்டுநர்களுக்கென்றே இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் உருவான சோதனையில் புள்ளிகளை அடிப்பது, கட்டத்தில் அட்டைகளைப் பொருத்துவது, சாலைக் குறியீட்டை அதற்குரிய காட்சியோடு சேர்ப்பது ஆகியவை உண்டு.

ஓரப் பார்வைக்கு, டாக்டர் எதிரே உட்கார்ந்து தன் மூக்கைப் பார்க்கச் சொல்லிவிட்டு, இரண்டு பக்கமும் விரலை அசைத்து எது அசைகிறது என்று கேட்பார். இரண்டையும் சேர்த்து அசைக்கும்போது ஒன்றை மட்டும் சொன்னால் அங்கேயே விஷயம் பிடிபட்டுவிடும். ஒரு நிமிட வேலை. சந்தேகம் என்றால் கண் ஆஸ்பத்திரியில் பார்வைப் புலச் சோதனை மிஷின் இருக்கிறது.

தாளில் தேறினால் சாலையிலும் தேறுவார் என்று இல்லை; தாளில் தடுமாறிய சிலர் முப்பது வருஷப் பழக்கத்தில் சாலையில் சமாளிப்பதும் உண்டு. அதனால் கடைசித் தீர்ப்பு சாலையில்தான்: பயிற்சியாளர் பக்கத்தில், அவர் காலடியில் இன்னொரு பிரேக், முதலில் காலி மைதானம், பிறகு தெரு, பிறகு போக்குவரத்து. இரட்டைப் பிரேக் கார் நம் ஊர் டிரைவிங் ஸ்கூல்களில் இருக்கிறது. ஆனால் அங்கே கற்றுக்கொடுப்பது எட்டுப் போடவும் ரிவர்ஸ் எடுக்கவும். பழைய ஓட்டுநரின் புதிய தவறைக் கவனிக்க யாருக்கும் பயிற்சி கொடுத்ததில்லை. ஆட்டோவிலும் டூவீலரிலும் இரண்டாவது பிரேக்குக்கு இடமே கிடையாது; நாம் அதிகம் ஓட்டுவதோ அவற்றைத்தான். வெளிநாட்டு விதிமுறைகளை அப்படியே இறக்குமதி செய்தால் இந்த இடத்தில் முட்டிக்கொள்ளும்.

பிழைப்பு என்ன ஆகும்?

பத்திரிகையில் “ஓட்டக்கூடாது” என்று எழுதுவது சுலபம். ஆட்டோக்காரருக்கு மூன்று மாதம் ஓட்டாதே என்பது மூன்று மாதம் சாப்பிடாதே என்பதற்குப் பக்கத்தில் வருகிறது. சொந்த வண்டி என்றால் ஷிப்டுக்கு விடலாம். வாடகை வண்டி ஓட்டியவருக்கு அதுவும் இல்லை. பைனான்ஸ்காரர் தவணைக்கு வருவார். ஆகவே அவர் மறைக்கிறார். பகலில் எடுக்காமல், கூட்டமில்லாத விடியற்காலை ரயிலுக்கு மட்டும் சவாரி எடுக்கிறார். தெரிந்த பாதையில் மட்டும் போகிறார். தன் அளவில் அவரே ஒரு தகுதி விதி வகுத்துக்கொள்கிறார். அதில் பாதி புத்திசாலித்தனமும் இருக்கிறது. மீதிப் பாதிதான் பயமாக இருக்கிறது.

அரசு போக்குவரத்துக் கழக ஓட்டுநருக்குப் பாதுகாப்பு உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் 20-ம் பிரிவு, பணிக்காலத்தில் ஊனமுற்றவரை அரசு நிறுவனம் வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது, அதே சம்பளத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என்கிறது. நிறக்குருடு என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட தெலங்கானா போக்குவரத்துக் கழக ஓட்டுநர் ஒருவர் உச்ச நீதிமன்றம்வரை போராடி, மாற்று வேலை தர வேண்டும் என்ற தீர்ப்பை 2025 ஆகஸ்டில் வாங்கினார். டெப்போவில் டோக்கன் கொடுக்கும் வேலையாவது கிடைக்கும் என்று தெரிந்தால் ஒருவர் தன் நோயை மறைக்க வேண்டியதில்லை.

தனியார் வேன் ஓட்டுநருக்கும் ஆட்டோக்காரருக்கும் அந்தப் பிரிவு கிடையாது. தமிழ்நாட்டில் ஆட்டோ, டாக்சி ஓட்டுநர்களுக்கென்று நலவாரியம் இருக்கிறது. பக்கவாதம் வந்த பதிவுபெற்ற ஓட்டுநருக்கு மதிப்பீடு முடியும்வரை சில மாதம் உதவித்தொகை என்று அந்த வாரியம் ஒரு திட்டம் போட்டால், ஆயிரம் ரூபாய் அபராதத்தைவிட அது அதிகம் வேலை செய்யும் என்று தோன்றுகிறது. பயந்து மறைப்பவரைத் தண்டனை இன்னும் ஆழமாக மறைய வைக்கும்.

வீட்டில் வேறு பஞ்சாயத்து. மகன் வண்டிச் சாவியை அரிசி டப்பாவில் ஒளிக்கிறான். “நைனா, டாக்டர் வேணாம்னு சொல்லியிருக்கார்” என்கிறான். டாக்டர் எதுவும் சொல்லியிருக்க மாட்டார். மனைவி, “ஏங்க, பக்கத்துக் கடைக்குத்தானே, நடந்தே போலாம்” என்று கூடவே கிளம்புகிறார். காரணம் சொல்லாமல் சாவியைப் பிடுங்கினால் மனுஷர் ஒடுங்கிப்போகிறார். பக்கவாதத்துக்குப் பிறகு மனச்சோர்வு ஏற்கெனவே காத்துக்கொண்டிருக்கிறது. வண்டி போனால் கடைத்தெரு போகும், கடைத்தெரு போனால் நாலு பேர் பேச்சு போகும். பெண்கள் விஷயத்தில் இந்தப் பஞ்சாயத்தே நடப்பதில்லை. ஸ்கூட்டியில் பிள்ளையைப் பள்ளிக்கு விட்டுவந்த அம்மாவுக்கு வாதம் வந்தால், வண்டி அன்றே மைத்துனர் வீட்டுக்குப் போய்விடும். அவர் மறுபடி ஓட்ட முடியுமா என்று கேட்கவே யாரும் மாட்டார்கள். சோதனை என்று ஒன்று இருந்தால் அதிகம் பயன்படப் போவது இப்படித் தகுதி இருந்தும் ஓரங்கட்டப்பட்டவர்களுக்குத்தான்.

வேலூரில் ஒரு பழைய பாடம்

1954-ல் சாலை விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து இரண்டு காலும் செயலிழந்தவர் வேலூர் சி.எம்.சி. டாக்டர் மேரி வர்கீஸ். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் ஹோவர்டு ரஸ்கிடம் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு மையத்தைத் திறந்தார். 1972-ல் பத்மஸ்ரீ. திருத்தணியிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் இப்படி ஒரு மரபு இருக்கிறது, சென்னை கே.கே. நகரில் அரசின் மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது. ‘இவருக்கு இனி என்ன முடியாது’ என்பதற்குப் பதில் ‘எதை வைத்து முடியும்’ என்று கேட்கும் பழக்கம் இந்தத் துறையில் பழையது. வண்டி ஓட்டுவதையும் அந்தக் கேள்விக்குள் கொண்டுவர வேண்டும்.

தொடங்குவதற்குப் பெரிய செலவும் இல்லை. 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் ஏற்கெனவே வீடு தேடி வருகிறார். அவர் பையில் அந்த நாலு தாளும் பென்சிலும் இருக்கலாம். தாளில் தவறியவரை மட்டும் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பலாம். அங்கே நரம்பியல் டாக்டர், கண் டாக்டர், ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் சேர்ந்து மாதம் ஒரு நாள் உட்காரலாம். ‘ஓட்டலாம்’, ‘ஓட்டக்கூடாது’ என்ற இரண்டு பதிலுக்கு நடுவிலும் பதில்கள் உண்டு: பகலில் மட்டும், பயணி இல்லாமல், ஆட்டோமேடிக் கார் மட்டும், மூன்று மாதம் கழித்து மறுபடி சோதனை.

டிஸ்சார்ஜ் சம்மரியை ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள். உப்பைக் குறைக்கவும், மாத்திரையை நிறுத்த வேண்டாம், புகை கூடாது என்று வரிகள் இருக்கும். வண்டியைப் பற்றி ஒரு வரி எழுதும் பழக்கம் நம் ஆஸ்பத்திரிகளில் பரவலாக இல்லை. எழுதச் சொல்லி நோயாளி தரப்பே கேட்கலாம். கேட்கிற உரிமை உண்டு. முதல் ஒரு மாதமாவது எந்த வண்டியும் வேண்டாம். அடுத்த செக்கப்பில் விரல் அசைத்துப் பார்க்கும் அந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். வீட்டில் சாப்பாட்டு இலையைக் கவனியுங்கள். தேறியவர் இடதுகாலுக்கு ஏற்ற ஆக்சிலேட்டர், ஸ்டீயரிங்கில் குமிழ் என்று காரை மாற்றிக்கொள்ள விரும்பினால் 2019 திருத்தத்தில் அதற்குத் தனி வகையே இருக்கிறது: தகவமைக்கப்பட்ட வாகனம். மெக்கானிக் மாற்றினால் மட்டும் போதாது. ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி. புத்தகத்தில் ஏற்ற வேண்டும், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்த ரசீதுகளை லைசென்ஸோடு வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். செக்போஸ்ட் தாண்டி நகரிப் பக்கம் போனால் அங்கே தெலுங்கில் கேட்பார்கள்.